ஐந்து கேள்விக்குறிகள்

அந்தப் பெட்டியில் ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. ‘மாட்டேன்’ என்றோ ‘ஏன் என்று சொல்லு’ என்றோ அழுத்துவதற்கு இடமே வைக்கவில்லை. காதுக்காரம்மா காலையிலிருந்து பதினோராவது முறையாக அந்த ஓகேயை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. அதோடு சேர்ந்து, பாதி விரிந்திருந்த மென்பொருளும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. மலையும் ஏரியுமாக ஒரு படம் மட்டும் திரையில் மிஞ்சியது. புதுக் கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த படம். “ஓகேவாம். எது ஓகே?” என்று அந்த ஏரியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பன்னிரண்டாவது முறைக்குத் தயாரானாள்.

ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இரண்டு அறைகள். வாசலில் ‘செவித்திறன் பரிசோதனை நிலையம்’ என்று பலகை இருக்கிறது. அதை வாய்விட்டுப் படித்தவர்கள் யாரும் கிடையாது. தெருவுக்கு அவள் காதுக்காரம்மா, அவ்வளவுதான். காது மங்கியவர்களைச் சோதித்து, பொருத்தமான கருவி கொடுத்து, அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து அவரவர் காதுக்கு ஏற்ற மாதிரி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது தொழில். இருபது வருஷமாகச் செய்கிறாள். முடியாது என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்கே காது கேட்காது. இதை அவளுடைய வீட்டுக்காரர் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குள் உச்சரித்ததாகத் தகவல் இல்லை.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் புகைவிட்டுக்கொண்டு உயிரை விட்டது. வெளியூரில் படிக்கும் மகள் இரண்டு நாள் லீவில் வந்து, புதிது ஒன்றைப் பார்த்து வாங்கி, எல்லாவற்றையும் தட்டிக்கொட்டி வைத்துவிட்டு, “இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா” என்று பஸ் ஏறிப் போனாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புதுக் கருவிகளுக்கான மென்பொருள்கள் எல்லாம் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சிடி தட்டில் வந்த மென்பொருள். அதைச் செய்த கம்பெனி இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துபோய், அதுவும் வேறொன்றுக்குள் போய்விட்டது. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் இருபது நிமிஷம் சங்கீதம் போட்டுவிட்டு, தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், அந்தப் பதிப்புக்கு இப்போது ஆதரவு கிடையாது, வாடிக்கையாளரை வேறு கருவிக்கு மாறச் சொல்லுங்கள் என்றாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் நேரில் வந்து பார்த்தார். நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

“மேடம், இது காலம் முடிஞ்ச சாஃப்ட்வேர். புது சிஸ்டத்துல ஏறாது. மனசைத் தேத்திக்குங்க.”

“துக்கம் விசாரிக்கவா வந்தீங்க? நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க” என்றாள் காதுக்காரம்மா.

அவளுடைய நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இணையத்தில் எங்கேயோ ஒரு மூலையில், பெயர் தெரியாத தேசத்தில், அவளைப் போலவே காது பார்க்கும் ஒருவன், இதே மென்பொருள் இதே புதுச் சிஸ்டத்தில் தன்னிடம் ஓடுகிறது என்று எழுதியிருந்தான். எப்படி ஓட வைத்தான் என்பதையும் படிப்படியாகச் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் ஒன்றையும் அவள் விடவில்லை. தட்டைப் போடுவதற்குப் புதுக் கம்ப்யூட்டரில் வாயே இல்லை. கண்ணாடிக் கடையில் ஒரு தட்டு ஓட்டியை இரவல் வாங்கினாள். கருவிகளை இணைக்கும் பெட்டிக்கு ஒன்பது முள் வைத்த பழைய காலத்துக் கம்பி. அதற்கும் புதுக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று தூது போக ஒரு சின்னக் கம்பி வாங்கினாள். பிறகு மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்து, இது பழைய சிஸ்டம்தான் என்று அதை நம்ப வைக்கும் இடத்துக்குப் போய் டிக் அடித்தாள். இது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் தூங்கினவரை எழுப்பி, ஒன்றும் ஆகவில்லை, நேற்றுத்தான் தூங்கினீர்கள் என்று சொல்வதைப் போல. மென்பொருளும் நம்பியது. கண்ணைத் திறந்தது. இணைப்புப் பெட்டியின் பச்சை விளக்குகூட எரிந்தது. அடுத்த நொடி அந்த ஓகே பெட்டி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. ஏதோ ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லையாம். கோப்பு இருக்கும் வழியையும் எழுதியிருந்தது. சி, அதற்குள் யூசர்ஸ், அதற்குள் ஐந்து கேள்விக்குறிகள், அதற்குள் இன்னும் என்னென்னவோ.

ஐந்து கேள்விக்குறிகள். ஐந்து தடவை கேட்கிறதே, அப்படி என்னதான் தெரியவேண்டுமாம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மணிக்கு ஸ்டியரிங் அக்கா வந்துவிட்டாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், வயது ஐம்பத்தாறு. அந்தப் பழைய மென்பொருளுக்குக் கட்டுப்படும் கருவிகள் இரண்டும் அவள் காதில்தான் இருந்தன. போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மிச்சம் இருந்த செவித்திறனும் குறைந்துபோய், அந்த இரண்டும் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டன. சத்தத்தைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும். கூட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். புதுக் கருவி வாங்கலாம், வாங்கினால் காது அதற்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். நாளைக் காலை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் அவளுடைய பயிற்றுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள். காது எவ்வளவு கேட்கிறது என்று சான்றிதழ் கொண்டுபோக வேண்டும். அதற்கான படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

காதுக்காரம்மா ஒரு காகிதத்தில் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று எழுதிக் காட்டினாள்.

“பொறுக்கறேம்மா, எனக்கென்ன” என்று ஸ்டியரிங் அக்கா பதில் சொன்னது மூன்று கடைகளுக்குக் கேட்டிருக்கும். தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர்கள் கத்துவதில்லை, தங்களைத் தேடுகிறார்கள். காதுக்காரம்மாவுக்கு இது பழக்கம்தான். ஆனால் இன்று ஸ்டியரிங் அக்கா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ரகசியம் சொல்கிறவளின் முகத்தோடு பேச ஆரம்பித்தாள்.

“உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். போன வாரம் ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்துட்டிருந்தேன். திருப்பத்துல லாரி வந்துருக்கு. ‘அக்கா லாரி, அக்கா லாரி’ன்னு ரெண்டு தரம் கத்தியிருக்கா. எனக்கு விழல. நான் அந்தப் பக்கம் கண்ணாடியைப் பாத்துட்டிருந்தேன். அவளே பிரேக்கைப் போட்டுட்டா. பொழைச்சோம். ஆனா அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே...”

அத்தனையும் உச்சக் குரலில். முன்னறையில் இரண்டு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். பக்கத்துச் சுவர் வெறும் பலகை. அதற்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷின் நின்றுவிட்டது. காதுக்காரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தும்போதே, பயனில்லை என்று தெரிந்தது.

“வீட்லகூட சொல்லல. வெளிய தெரிஞ்சா யாராவது பொண்ணை அனுப்புவாங்களா? அன்னியிலேர்ந்து வண்டியே எடுக்கல, உடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். முப்பது வருஷம். வேற ஒண்ணும் தெரியாதும்மா எனக்கு.”

காதுக்காரம்மா அவளுடைய கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். இப்போது வந்திருந்தது.

திரையைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். ‘கிளாஸ்ல இருக்கேன்மா, அஞ்சு மணிக்கு மேல கூப்பிடறேன்’ என்று பதில் வந்தது. அஞ்சு மணிக்கு மேல் யாருக்கு வேண்டும்? ‘அம்மாவுக்கு அவசரம்’ என்று தட்டினாள். தட்டிய பிறகு யோசித்தாள். அம்மாவுக்கு அவசரம் என்று படித்தால், அந்தப் பெண் ஆஸ்பத்திரி வரைக்கும் நினைத்துவிட்டு வகுப்பை விட்டு எழுந்து ஓடி வரும். வேண்டாம் என்று, அடித்ததை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். அவசரம் போயிற்று. ‘வுக்கு’ போயிற்று. ‘அம்மா’ மட்டும் நின்றது. அழித்தாள். ‘அம்ம’ ஆயிற்று. துணைக்கால் மட்டும்தான் போயிருந்தது. அழித்தாள், ‘அம்’. மறுபடி அழித்தாள். எழுத்து போகவில்லை, தலையில் இருந்த புள்ளி போய் ‘அம’ என்று நின்றது. என்ன இது, ஒரு வார்த்தையைத் துடைக்க இத்தனை தட்டா என்று அலுத்துக்கொண்டே இன்னும் இரண்டு தட்டு தட்டினாள்.

விரல் அந்தரத்தில் நின்றது.

காது சோதிக்கும்போது அவள் சொல்லும் வார்த்தைப் பட்டியலில் ‘அம்மா’ உண்டு. அம், மா, இரண்டு அசை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் மூன்று எழுத்து. அவளுடைய கட்டைவிரலுக்கோ இப்போது ஐந்து தட்டு. அ, ம, புள்ளி, ம, கால். ஐந்து.

திரையின் மூலையில் வட்டமாக ஒரு பொம்மை முகம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மகள் ஆசை ஆசையாகத் தமிழில் அடித்து வைத்துவிட்டுப் போன பெயரும் இருந்தது. அம்மா. இது யாருடைய கம்ப்யூட்டர் என்று சிஸ்டம் முதல் நாள் கேட்டிருக்கிறது. அம்மாவுடையது என்று பெண் சொல்லியிருக்கிறது. அவளுக்கு வேறு என்ன பெயர் தெரியும்? சிஸ்டமும் சந்தோஷமாக, அம்மா என்ற பெயரிலேயே அறை ஒன்று கட்டி, எல்லாச் சாமான்களையும் அதற்குள் வைத்துவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் தூங்கிப்போன மென்பொருளுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அது அந்த அறையின் வாசலில் வந்து நின்று, பெயரைப் படிக்கத் தெரியாமல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு கேள்விக்குறியாகப் போட்டுவிட்டு, அப்படி ஒரு அறையே இல்லை என்று திரும்பிவிட்டது. அந்தத் தேசத்துக்காரனுக்கு இந்தத் தொந்தரவு வந்திருக்க நியாயமில்லை. அவன் வீட்டில் அம்மாவை வேறு எழுத்தில் எழுதுவார்கள்.

“அடி என் செல்லமே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் அக்கா ஒன்றும் புரியாமல், சிரிக்க வேண்டிய விஷயம்தான்போல என்று தானும் சிரித்து வைத்தாள்.

கண்டுபிடித்தது பெரிது, சரிசெய்வது சுலபம் என்று நினைத்தது மட்டும்தான் தப்பு. முதலில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினாள். பொம்மை முகத்துக்குப் பக்கத்தில் பெயர் மாறியது. மென்பொருளைத் திறந்தால் அதே ஐந்து கேள்விக்குறிகள். வாசலில் மாட்டிய பலகைதான் மாறியிருக்கிறது. உள்ளே கட்டிய அறை பழைய பெயரிலேயே இருக்கிறது என்று புரியக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அதைத் தொடாமல் விட்டுவிட்டு, மாற்றிய பெயரையும் திரும்ப ‘அம்மா’ என்றே ஆக்கிவிட்டு, இரண்டாவதாகக் கம்ப்யூட்டரில் புது ஆள் ஒருவரை உண்டாக்கினாள். என்ன பெயர் என்று கேட்டது. ஆங்கில எழுத்தில் ‘காது’ என்று அடித்தாள். புது ஆளாக உள்ளே போய், மென்பொருளை முதலிலிருந்து ஏற்றி, இது பழைய சிஸ்டம்தான் என்று அதனிடம் மறுபடியும் பொய் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

திறந்தது. ஓகே பெட்டி வருமென்று மனத்துக்குள் பத்து வரை எண்ணினாள். வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் அக்காவின் காதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் பெட்டிக்குப் போக, திரையில் வலது காது சிவப்பிலும் இடது காது நீலத்திலும் கோடு கோடாக எழுந்து நின்றன. கடைசியாக அவள் வைத்த அளவுகள் அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல் கருவிக்குள் இருந்தன. கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கை பரபரத்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் கொண்டுபோனது கீச்சென்ற மேல் ஓசைகளை. அங்கேதான் கூட்ட வேண்டும். நிறையக் கூட்டினால் கருவி விசிலடிக்கும். ஒரு படி கூட்டினாள், காத்திருந்தாள். இன்னொரு படி. பிறகு மேஜையிலிருந்த அட்டையை எடுத்து உதடு தெரியாமல் வாயை மறைத்துக்கொண்டாள்.

“சாவி.”

“காவி?” என்று முழங்கினாள் ஸ்டியரிங் அக்கா.

மேலே ஒரு படி.

“சாவி.”

“சாவி.”

“பூட்டு.”

“பூட்டு. இது நல்லாவே கேக்குதும்மா. சாவியும் பூட்டும் சரி, அப்பறம் என்ன...” பேசிக்கொண்டே போனவளின் குரல் படிப்படியாக இறங்கி, ஒரு அறைக்குள் இரண்டு பேர் பேசும் அளவுக்கு வந்து நின்றது. அவள் தன்னையே கேட்டுவிட்டாள். அட்டைக்குப் பின்னால் காதுக்காரம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இருபது வருஷத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும்.

ஆனால் ஸ்டியரிங் அக்காவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. பலகைச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அப்பால் ஜெராக்ஸ் மிஷின் சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

“நான் வந்ததுலேர்ந்து கத்திட்டா இருந்தேன்?”

“கொஞ்சம்.”

“அந்த லாரி விஷயம் சொன்னேனே. அது வெளிய கேட்டிருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. இப்போதுதான் காது திரும்பக் கிடைத்தவளிடம் முதல் பொய்யை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

“கேட்டிருக்கும்க்கா.”

ஸ்டியரிங் அக்கா குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சரி, கேட்டா கேக்கட்டும். எனக்குந்தான் இப்ப கேக்குதே. அந்தப் பொண்ணுகிட்ட நானே போயிப் பேசிக்கறேன். நீங்க காகிதத்தைப் போடுங்க.”

சத்தம் புகாத கண்ணாடி அறையில் அவளை உட்கார வைத்துச் சோதித்து, வந்த எண்களைக் காதுக்காரம்மா படிவத்தில் அப்படியே எழுதினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எண்கள் உரிமத்துக்கான எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நின்றன, ஆனால் வேலியை ஒட்டி. நாளைக்கு அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் படிப்பாரோ. ஸ்டியரிங் அக்கா அதை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டாள்.

“இது அவங்களுக்கு. எனக்கு வண்டியில பாக்கணும். வாங்க.”

“நானா? முன்னால ரெண்டு பேரு காத்துட்டிருக்காங்க. எனக்கு ஓட்டவும் வராது.”

“ஓட்ட வந்தா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்? கத்துக்குடுத்தாத்தான் என் காது நெலவரம் எனக்குத் தெரியும். பத்து நிமிஷம்.”

காத்திருந்த இருவரும், போயிட்டு வாங்க என்று தலையாட்டினார்கள். அக்காவுக்குக் கேட்கிறதா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் சரக்குக் கிட்டங்கியின் காலி முற்றம். ஸ்டியரிங் அக்கா வழக்கமாக நிறுத்தும் இடம், ஒரு வாரமாக எடுக்காத பயிற்சிக் கார் அங்கேயே நின்றது. வெயில் சாய்ந்து சுவரின் நிழல் பாதித் தரையை மூடியிருந்தது. காதுக்காரம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது, இருக்கை அதிர்ந்தது. எதற்கும் அசையாதவள் என்று பெயரெடுத்தவளின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இடது பக்கம் ஸ்டியரிங் அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அந்தக் கால் அதன் மேல் அழுந்தி, எலும்பு தெரிய விறைத்திருந்தது.

“கிளட்சை முழுசா அழுத்துங்க. முதல் கியர். ம், விழுந்த சத்தம் கேட்டுச்சு. இப்பக் காலை மெதுவா எடுங்க.”

கார் ஒருமுறை குலுங்கி, நத்தை மாதிரி நகர்ந்தது. ஸ்டியரிங் அக்கா வேண்டுமென்றே முகத்தைத் திருப்பி, தன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உதடு தெரியாது, முகம் தெரியாது. காதுக்காரம்மா நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி, இன்ஜின் சத்தத்துக்கு அடியில், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு.”

“தெரியுதும்மா” என்றாள் ஸ்டியரிங் அக்கா, ஜன்னலை விட்டுத் திரும்பாமல். “குரல் நடுங்குது.”

கார் நிழலிலிருந்து வெயிலுக்குள் மெல்ல ஊர்ந்து வந்தது. பிரேக்கின் மேலிருந்த கால் ஒரு விரற்கடை மேலே எழும்பி, அங்கேயே நின்றது.